அக்டோபர் பேங்க் ஹாலிடேயும் ஹாலோவீனும்: அயர்லாந்துக்குப் புதிதாக வந்தவர்கள் கேட்கும் கேள்விகள்

செப்டம்பர் முடிந்ததும் இங்குள்ள தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் அதே கேள்விகள் வர ஆரம்பிக்கும். லீவு என்றைக்கு, பட்டாசு வாங்கலாமா, ஹாலோவீன் அன்று வேஷம் போட்டு மிட்டாய் கேட்டுக் கதவைத் தட்டும் பிள்ளைகளுக்கு என்ன கொடுப்பது, கடையில் விற்கும் அந்தப் பழ ரொட்டி என்ன? தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன்.

ஹாலோவீனுக்குத்தானே இந்த லீவு விடுகிறார்கள்? என்றைக்கு வரும்?

இல்லை, இரண்டும் வேறு வேறு. லீவு அக்டோபர் மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை. 1977இல்தான் இது முதன்முதலாக வந்தது. ஹாலோவீன் எப்போதும் அக்டோபர் 31. அது எந்தக் கிழமையில் வந்தாலும் அதற்கென்று தனி விடுமுறை கிடையாது. 2022இல் 31ஆம் தேதியே திங்களாக இருந்ததால் இரண்டும் சேர்ந்து வந்தன. அடுத்து அப்படி வருவது 2033இல். 2026இல் லீவு 26ஆம் தேதி, ஹாலோவீன் அந்த வாரச் சனிக்கிழமை.

பள்ளிக்கூடங்களுக்கு வழக்கமாக அந்தத் திங்களில் தொடங்கி வாரம் முழுக்க மிட்டெர்ம் விடுமுறை. வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு நாள்தான். பெற்றோர் இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீடுகளில் செவ்வாய் முதல் வெள்ளி வரை பிள்ளையை யார் பார்ப்பது என்பதைச் செப்டம்பரிலேயே பேசி வைத்துவிடுங்கள். கடைசி நேரத்தில் கேட்டால் ஆண்டு விடுப்பு கிடைக்காது. எல்லாரும் அதே வாரத்தைத்தான் கேட்பார்கள்.

பேங்க் ஹாலிடே என்றால் பேங்குக்கு மட்டும்தானா? கடை, பஸ் எல்லாம் இருக்குமா?

எல்லாருக்கும் உண்டு. சட்டத்தில் இதன் பெயர் பொது விடுமுறை. வருடத்துக்கு மொத்தம் 10. புனித பிரிஜித் நாள் 2023இல் சேர்ந்த பிறகுதான் பத்தானது. குழப்பமானது ஒன்றே ஒன்று, புனித வெள்ளி. அன்றைக்கு வங்கி மூடியிருக்கும், ஆனால் சட்டப்படி அது பொது விடுமுறை இல்லை.

அக்டோபர் திங்களன்று வங்கி, தபால் அலுவலகம், குடும்ப மருத்துவர் யாரும் இல்லை. மாத்திரை தீரப்போகிறது என்றால் வெள்ளிக்கிழமையே வாங்கிவிடுங்கள். சூப்பர் மார்க்கெட் திறந்திருக்கும், நேரம் கொஞ்சம் குறையலாம். பஸ், ரயில் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைக் கணக்கில் ஓடும்.

அக்கா, நான் நர்ஸ். அன்றைக்கு எனக்கு டியூட்டி போட்டிருக்கிறார்கள். டபுள் சம்பளம் வருமா?

சட்டம் 'டபுள்' என்று சொல்லவில்லை. 1997ஆம் வருட வேலைநேரச் சட்டம் நாலு வழி சொல்கிறது: அன்றைக்கே சம்பளத்தோடு லீவு, அல்லது ஒரு மாதத்துக்குள் சம்பளத்தோடு வேறொரு நாள் லீவு, அல்லது ஆண்டு விடுப்பில் ஒரு நாள் கூடுதல், அல்லது ஒரு நாள் சம்பளம் கூடுதல். எதைத் தருவது என்பது முதலாளியின் முடிவு. அன்றைக்கு வேலை பார்த்து, நாலாவது வழியும் கிடைத்தால் கையில் வருவது இரட்டைச் சம்பளம் மாதிரித் தெரியும். அதனால்தான் இந்தப் பேச்சு.

பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. எந்த வழி என்று விடுமுறைக்கு 21 நாள் முன்பே நீங்கள் கேட்கலாம். விடுமுறைக்கு 14 நாள் முன்பு வரை பதில் வரவில்லை என்றால் அன்றைக்கே சம்பளத்தோடு லீவு எடுக்கும் உரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது. வாயால் கேட்காதீர்கள், மின்னஞ்சலில் கேளுங்கள்.

நான் படித்துக்கொண்டே பார்ட் டைம் வேலை செய்கிறேன். திங்கட்கிழமை எனக்கு ஷிஃப்டே இல்லை. எனக்கும் ஏதாவது உண்டா?

உண்டு. விடுமுறைக்கு முந்தைய 5 வாரங்களில் மொத்தம் 40 மணி நேரம் வேலை பார்த்திருந்தால் போதும். திங்கட்கிழமை நீங்கள் வழக்கமாக வேலை பார்க்காத நாள் என்றால் ஒரு வாரச் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு வர வேண்டும். சம்பளச் சீட்டில் பாருங்கள், பல மாணவர்கள் பார்ப்பதே இல்லை. முழுநேர ஊழியர்களுக்கு இந்த 40 மணிக் கணக்கு கிடையாது.

அந்த வாரக் கடைசியில் கடிகாரத்தையும் மாற்ற வேண்டுமாமே?

அக்டோபர் கடைசி ஞாயிறு அதிகாலை 2 மணிக்குக் கடிகாரம் 1 மணிக்குத் திரும்பிவிடும். பெரும்பாலான வருடங்களில் அது லீவுக்கு முந்தைய நாள். 31ஆம் தேதியே ஞாயிறாக வந்தால் மட்டும் கணக்கு மாறும். 2027இல் அப்படித்தான், லீவு 25ஆம் தேதி, கடிகார மாற்றம் 31ஆம் தேதி.

நடைமுறையில் இரண்டு விஷயம். ஊருக்கும் நமக்கும் இருந்த நாலரை மணி நேர வித்தியாசம் ஐந்தரை ஆகிவிடும். ஞாயிறு காலையில் அம்மாவுக்கு போன் போடும்போது நினைவில் வையுங்கள். இன்னொன்று, டப்ளினில் சூரியன் மாலை 5 மணிக்குள்ளேயே போய்விடும். திங்கட்கிழமை வெளியே சுற்றுவதாக இருந்தால் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிளம்பும் நம் வழக்கம் உதவாது. காலை 9 மணிக்குக் கிளம்புங்கள்.

ஹாலோவீன் அமெரிக்கக்காரன் பண்டிகைதானே? இதில் ஐரிஷ் என்ன இருக்கிறது?

ஐரிஷ்காரர்களிடம் இதைக் கேட்டுவிடாதீர்கள், அரை மணி நேரம் வகுப்பு எடுப்பார்கள். இங்குள்ள பழைய நாட்காட்டியில் வருடத்தை நாலாகப் பிரிக்கும் நாலு நாட்கள் உண்டு: பிப்ரவரி 1, மே 1, ஆகஸ்ட் 1, நவம்பர் 1. கடைசி நாளின் பெயர் சௌவின். அறுவடை முடிந்து, மேயப்போன மாடுகளை மலையிலிருந்து இறக்கிக் கொண்டுவந்து, குளிர்காலம் தொடங்கும் நாள். ஐரிஷ் கணக்கில் ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர்தான் இலையுதிர் காலம், நவம்பர் வந்தால் குளிர்காலம். ஆகவே நம் லீவு இலையுதிர் காலத்தின் வால்பகுதியில் விழுகிறது. அந்தக் காலத்தில் நாள் என்பது பொழுது சாய்ந்ததும் தொடங்கும். அதனால் அக்டோபர் 31 இரவே சௌவினின் ஆரம்பம்.

மீத் மாவட்டத்தில் ஆத்பாய் ஊருக்குப் பக்கத்தில் வார்டு குன்று இருக்கிறது. பழைய பெயர் ட்லாக்ட்கா. சௌவின் இரவில் பெருந்தீ மூட்டிய இடம் என்று பழைய ஐரிஷ் நூல்கள் சொல்கின்றன. ராஸ்காமன் மாவட்டத்து ராத்குரோகனில் பூனைக்குகை என்று ஒரு குறுகலான குகை உண்டு. அந்த இரவில் மறு உலகத்தின் வாசல் அங்கே திறக்கும் என்பது கதை. உடம்பை ஒடுக்கிச் சேற்றில் வழுக்கித்தான் உள்ளே இறங்க வேண்டும். பயமுறுத்தும் சினிமாவைவிட அது பலமடங்கு மேல்.

முகம் மாதிரிக் குடைந்து விளக்கு வைக்கும் பூசணி மட்டும்தான் அமெரிக்கச் சரக்கு. இங்கே குடைந்தது டர்னிப் கிழங்கை. மேயோ மாவட்டம் காஸில்பாருக்குப் பக்கத்தில் உள்ள நாட்டுப்புற வாழ்க்கை அருங்காட்சியகத்தில், டோனிகாலில் செய்த ஒரு டர்னிப் முகத்தின் வார்ப்பு நகல் இருக்கிறது. சுருங்கிப்போன கிழவன் முகம். 19ஆம் நூற்றாண்டில், முக்கியமாக அயர்லாந்தின் பெரும் பஞ்சத்தை ஒட்டி, கப்பலேறியவர்கள் பழக்கத்தை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பூசணி பெரிதாகவும் குடைவதற்கு எளிதாகவும் இருந்தது. டர்னிப்பைக் குடைந்து பார்த்தவர்களுக்கு அவர்கள் ஏன் மாறினார்கள் என்பது புரியும்.

பேய்ப் பண்டிகை என்கிறார்களே, சாமி கும்பிடுகிற வீட்டில் இதையெல்லாம் செய்யலாமா?

அது உங்கள் விருப்பம். ஆனால் முடிவெடுக்கும் முன் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். பழைய ஐரிஷ் வீடுகளில் அந்த இரவில் எதிர்பார்த்தது சொந்த வீட்டில் இறந்தவர்களை. கதவைத் தாழிடாமல் விட்டு, அடுப்பில் கங்கு அணையாமல் பார்த்து, மேஜையில் அவர்களுக்கும் ஓர் இடம் போட்டு வைப்பார்கள். அமாவாசைக்குப் படையல் போடுகிற வீட்டுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. நவம்பர் 1 கத்தோலிக்கருக்குப் புனிதர் அனைவர் திருநாள், 2 நம் ஊர்க் கிறிஸ்தவர்கள் சொல்லும் கல்லறைத் திருநாள். தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் பலர் இங்கேயும் அதை அனுசரிக்கிறார்கள்.

மண்டை ஓடு, ரத்தம், பிளாஸ்டிக் சிலந்தி எல்லாம் கடைக்காரர் கொண்டுவந்தவை. பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். சாப்பாடும் விளையாட்டும் மட்டும் போதும்.

பார்ம்பிராக் என்று ஒன்று விற்கிறார்கள். அதற்குள் மோதிரம் இருக்குமாமே, நிஜமா?

நிஜம். உலர் திராட்சை போட்ட, லேசாக இனிக்கும் ரொட்டி அது. அந்தக் காலத்தில் அதற்குள் பல சாமான்கள் போட்டுச் சுடுவார்கள். மோதிரம் கிடைத்தவருக்கு வருடத்துக்குள் கல்யாணம், காசு கிடைத்தால் செல்வம், கந்தைத் துணி வந்தால் வறுமை, பட்டாணி வந்தால் அந்த வருடம் கல்யாணம் இல்லை, குச்சி வந்தால் சண்டைக்காரத் தாம்பத்தியம். இப்போது கடையில் விற்பதில் மோதிரம் மட்டும்தான், அதுவும் மலிவான உலோகம். சின்னப் பிள்ளைகளுக்குத் துண்டு கொடுக்கும் முன் கையால் பிய்த்துப் பாருங்கள். கல்யாணம் ஆகாத தம்பிகள் இருக்கும் அறையில் இந்த ரொட்டியை வெட்டினால் அடுத்த ஒரு மணி நேரத்துக்குப் பொழுதுபோக்கு உறுதி.

கடையில் வாங்கியதை அப்படியே தின்று 'சப்பென்று இருக்கிறது' என்று சொல்கிறவர்கள் நிறைய. அதைச் சுட்டு, உப்பு வெண்ணெயைத் தாராளமாகத் தடவி, கடுந்தேநீரோடு சாப்பிட வேண்டும்.

வீட்டில் செய்வதற்கு ஈஸ்ட் இல்லாத தேநீர் பிராக் சுலபம். 350 கிராம் உலர் திராட்சை வகைகளையும் 150 கிராம் பழுப்புச் சர்க்கரையையும் 300 மில்லி ஆறிய, நல்ல திக்கான டிகாக்ஷனில் இரவு முழுக்க ஊற வையுங்கள். பால் கூடாது. காலையில் 250 கிராம் செல்ஃப் ரைசிங் மாவு, ஒரு முட்டை, ஒரு தேக்கரண்டி மிக்ஸ்ட் ஸ்பைஸ் சேர்த்துக் கிளறி, நீள ரொட்டி அச்சில் ஊற்றி 160 டிகிரியில் ஒன்றேகால் மணி நேரம் வரை விடுங்கள். குச்சி விட்டுப் பார்த்து ஒட்டாமல் வந்தால் சரி. மோதிரத்தைப் பேக்கிங் காகிதத்தில் நன்றாகச் சுற்றி, வெந்து ஆறிய பிறகு அடியிலிருந்து செருகிவிடலாம். மறுநாள்தான் இன்னும் ருசி.

நாங்கள் சைவம், முட்டைகூடச் சேர்ப்பதில்லை. எங்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

நிறையவே இருக்கிறது. காரணமும் சுவாரஸ்யமானது. புனிதர் திருநாளுக்கு முந்தைய நாள் கத்தோலிக்கருக்கு இறைச்சி விலக்கிய நாளாக இருந்தது. ஆகவே ஹாலோவீனின் பழைய சாப்பாடெல்லாம் உருளைக்கிழங்கையும் வெண்ணெயையும் நம்பியது.

முதலில் கால்கேனன். ரூஸ்டர் வகை மாதிரி மாவாக வேகும் உருளைக்கிழங்கை வேகவைத்து மசித்து, சூடான பாலும் வெண்ணெயும் ஊற்றி, வேகவைத்து நறுக்கிய கேல் கீரை அல்லது முட்டைகோஸ், வெங்காயத்தாள், உப்பு, மிளகு சேர்த்தால் முடிந்தது. தட்டில் குவித்து நடுவில் குழி பண்ணி வெண்ணெயை உருக விடுவார்கள், ஓரத்திலிருந்து எடுத்து அந்தக் குழியில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். பச்சைமிளகாய் போடலாமா என்று கேட்பீர்கள். முதல் தடவை போடாமல் சாப்பிட்டுப் பாருங்கள், அப்புறம் உங்கள் இஷ்டம். இதற்குள்ளும் காகிதத்தில் சுற்றிய காசு ஒளித்து வைப்பது உண்டு.

மேலே சொன்ன பிராக்கில் முட்டைக்குப் பதிலாக நாலு மேஜைக்கரண்டி கெட்டித் தயிர் ஊற்றினால் நன்றாகவே வரும். கடை ரொட்டியில் முட்டை இருக்கிறதா என்பது தயாரிப்பைப் பொறுத்தது, உறையில் தடித்த எழுத்தில் இருக்கும்.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கதவைத் தட்டினால் என்ன கொடுக்க வேண்டும்? கொடுக்காவிட்டால் தப்பா?

தப்பில்லை. வாசல் விளக்கை அணைத்து, வெளியே அலங்காரம் எதுவும் இல்லாமல் இருந்தால் வர மாட்டார்கள். ஆனால் என் கருத்தைக் கேட்டால், 31ஆம் தேதி சாயங்காலம் வீட்டில் இருங்கள், கதவைத் திறங்கள். வருடம் முழுக்கத் தலையசைத்துவிட்டுப் போகிற தெருக்காரர்கள் அந்த ஒரு சாயங்காலம் வாசலில் நின்று பேசுவார்கள். புதிதாகக் குடிவந்தவர்களுக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் வேறு இல்லை. ஊர் சுற்றுவதை லீவுத் திங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் 5 மணிக்குச் சின்னக் குட்டிகள் பெற்றோரோடு வருவார்கள், 7 மணிக்கு மேல் பெரிய பிள்ளைகள். தனித்தனியாகச் சுற்றிய சின்ன மிட்டாய், சாக்லேட் போதும், ஆளுக்கு ஒன்றிரண்டு. பழைய தலைமுறை கொடுத்தது ஆப்பிளும் ஓட்டோடு வறுத்த வேர்க்கடலையும். அதற்கு இங்கே மங்கி நட்ஸ் என்று பெயர், அக்டோபரில் கடையில் வலைப்பையில் தொங்கும். நமக்குச் சந்தோஷம்தான், ஆனால் ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் உண்டு என்பதால் கடலையைத் தனிப் பாத்திரத்தில் வைத்துக் கேட்டுக் கொடுங்கள். வீட்டில் செய்த முறுக்கு, லட்டு வேண்டாம். தெரியாத வீட்டுப் பலகாரத்தைப் பெற்றோர் பிள்ளைக்குக் கொடுக்க மாட்டார்கள், அதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. தெரிந்த பக்கத்து வீட்டுக்குத் தட்டில் போட்டுக் கொடுப்பது வேறு விஷயம்.

வீட்டுக்குள்ளேயே பிள்ளைகளுக்கு என்ன விளையாட்டு வைக்கலாம்?

ஆப்பிளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கடிப்பது ஒன்று. தொட்டித் தண்ணீரில் மிதக்கும் ஆப்பிளை வாயால் கவ்வுவது இன்னொன்று, சளி பிடித்த பிள்ளை இருந்தால் இதை விட்டுவிடுங்கள்.

தீபாவளியும் கிட்டே வருகிறது. பட்டாசு எங்கே வாங்குவது?

வாங்காதீர்கள். அயர்லாந்துக் குடியரசில் உரிமம் இல்லாமல் பட்டாசு வைத்திருப்பதும் வெடிப்பதும் குற்றம். விற்பதற்காக வைத்திருந்தால் தண்டனை 10,000 யூரோ வரை அபராதம், 5 வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். வட அயர்லாந்தில் கடையில் வாங்கி வண்டியில் போட்டு வந்தாலும் இங்கே குற்றம்தான். 'எல்லாரும் வெடிக்கிறார்களே' என்பீர்கள். ஆமாம், அக்டோபர் முழுக்கச் சத்தம் கேட்கும், அத்தனையும் திருட்டுச் சரக்கு. ஸ்டாம்ப் 4 என்ற வதிவிட அனுமதிக்கும் குடியுரிமைக்கும் விண்ணப்பிக்கப் போகிற நாம் காவல்துறைப் பதிவேட்டில் பெயர் ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

எஃப்1 என்று குறியிட்ட, அபாயம் குறைந்த வகை மட்டும் உரிமம் இல்லாமல் அனுமதி. அதில் கம்பி மத்தாப்பு கிடைக்கும். பெட்டியில் குறியைப் பார்த்து வாங்குங்கள். 2024இல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில், அக்டோபர் 31இல் வந்தன. வாசலில் அகல்விளக்கும் பூசணியும் பக்கத்தில் பக்கத்தில் எரிந்தது பார்க்க நன்றாகவே இருந்தது, சத்தமும் தேவைப்படவில்லை.

தெருமுனையில் பையன்கள் பலகையெல்லாம் குவிக்கிறார்கள். சௌவின் தீ என்று சொன்னீர்களே, அதுவா?

வம்சாவளி அதுதான். ஆனால் டயரும் சோபாவும் எரிப்பது கழிவுச் சட்டப்படி குற்றம். குவியலைப் பார்த்தால் உங்கள் கவுன்சிலுக்குச் சொல்லலாம், வந்து அள்ளிப் போவார்கள். தீ கட்டுக்கு மீறினால் 999 அல்லது 112. நாய், பூனை வைத்திருப்பவர்கள் அன்றைக்கு இருட்டும் முன் உள்ளே கட்டிவிடுங்கள்.

மூன்று நாள் லீவுக்கு எங்கே போகலாம்?

கூட்டமும் இசையும் வேண்டும் என்றால் கார்க் நகரம். அங்கே நடக்கும் ஜாஸ் விழா இந்த லீவாலேயே பிறந்தது. 1977இல் புது விடுமுறை வந்தது. மறுவருடம் மெட்ரோபோல் ஹோட்டலில் அந்த வாரக் கடைசிக்கு அறைகளைப் பிடித்திருந்த சீட்டாட்டக்காரர்கள் வரவில்லை என்று சொல்லிவிட, காலி அறைகளை நிரப்ப ஹோட்டல்காரர்கள் யோசித்த ஏற்பாடு இன்றைக்கும் நடக்கிறது. தங்க இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும், விலையும் ஏறும்.

டப்ளினில் இருந்தால் ஞாயிறு காலை மாரத்தான். 1980இல் தொடங்கியது, முன்பு திங்கட்கிழமை ஓடினார்கள், 2016இலிருந்து ஞாயிறு. ஓட வேண்டும் என்றால் முந்தைய வருடமே குலுக்கலில் பெயர் கொடுக்க வேண்டும். ஓடாதவர்கள் தெருவில் நின்று கைதட்டலாம், ஆனால் அன்றைக்குக் கார் எடுத்தால் பாதி ஊர் அடைத்திருக்கும். அதே வாரக் கடைசியில் பிராம் ஸ்டோக்கர் விழாவும் உண்டு. டிராகுலாவை எழுதியவர் 1847இல் டப்ளின் கிளான்டார்ஃபில் பிறந்தவர். மீத் பக்கம் போனால் ஹாலோவீனை ஒட்டி நடக்கும் பூக்கா விழா, மேலே சொன்ன ஆத்பாய் அதில் உண்டு.

காசு செலவில்லாமல் வேண்டும் என்றால் ஃபீனிக்ஸ் பூங்காதான் என் முதல் தேர்வு. 707 ஹெக்டேர் பரப்பு. அக்டோபர் மான்களின் இணைசேரும் காலம். ஆண் மான்கள் உறுமுவதும் கொம்பை மோதிக்கொள்வதும் காலை வேளையில் நன்றாகத் தெரியும். 50 மீட்டர் தள்ளியே நில்லுங்கள், கேரட் நீட்டாதீர்கள். பிள்ளையை மான் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுக்கும் நம் ஆட்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

பப்பில் ஐரிஷ் பாட்டு கேட்க ஆசை. நாங்கள் குடிக்க மாட்டோம், பிள்ளைகளும் உண்டு. போகலாமா?

தாராளமாக. இந்த மாதங்களில் பிள்ளைகளை 9 மணிக்குள் வெளியே கூட்டி வந்துவிட வேண்டும், மே முதல் செப்டம்பர் வரைதான் 10 மணி. ஆகவே வாத்தியக்காரர்கள் கூடி வாசிக்கும் செஷன் சாயங்காலமே தொடங்கும் இடமாகப் பாருங்கள். மது இல்லாத பீர், ஆரஞ்சுச் சாறு, தேநீர் எது கேட்டாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். வாத்தியக்காரர்கள் உட்காரும் மூலையில் இடம் பிடிக்காதீர்கள். தனியாக ஒருவர் பாடத் தொடங்கினால் பேச்சை நிறுத்திவிடுங்கள், அங்கே அதுதான் பெரிய மரியாதை. யாராவது உங்களுக்கும் சேர்த்து வாங்கினால் அடுத்த சுற்று உங்களுடையது.

டெர்ரி ஹாலோவீன் ஊர்வலம் பிரமாதம் என்கிறார்கள். பஸ்ஸில் போனால் எல்லையில் யாருமே கேட்பதில்லையாமே, விசா இல்லாமல் போகலாமா?

ஊர்வலம் பிரமாதம்தான், ஊரே வேஷம் போட்டுக்கொண்டு கோட்டைச் சுவரைச் சுற்றி இறங்கிவிடும். ஆனால் டெர்ரி வட அயர்லாந்தில் இருக்கிறது, அதாவது பிரிட்டன் ஆட்சிக்குள். எல்லையில் சோதனைச் சாவடி இல்லை என்பதால் விசா தேவையில்லை என்று ஆகிவிடாது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்குப் பிரிட்டன் விசா வேண்டும். கையில் ஐரிஷ் வதிவிட அட்டை இருந்தாலும் அதேதான். வழியில் பஸ்ஸை நிறுத்திப் பார்ப்பதும் நடக்கிறது. அக்டோபர் திங்கள் அங்கே விடுமுறையும் இல்லை.

அப்படியானால் ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை டெர்ரிக்குக் கூட்டிப்போக முடியாதா?

வேடிக்கை என்னவென்றால், உங்களால் முடியாதது சில சமயம் அவர்களால் முடியும். இந்தியாவில் வாங்கிய அவர்களின் ஐரிஷ் சுற்றுலா விசாவில் பிஐவிஎஸ் (BIVS, பிரிட்டிஷ்-ஐரிஷ் விசா திட்டம்) என்ற குறிப்பு இருந்தால் அதே விசாவில் பிரிட்டனுக்கும் போய்வரலாம், முதலில் அயர்லாந்துக்குள் வந்து இறங்கியிருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. விசா ஒட்டிய பக்கத்தில் அந்த நாலு எழுத்து இருக்கிறதா, இன்னும் காலாவதி ஆகவில்லையா என்று பாருங்கள். இருந்தால் அவர்களை டெர்ரி பஸ்ஸில் ஏற்றிவிட்டு நீங்கள் டோனிகாலில் கடற்கரையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.